பெடல் ஸ்டீல் கிதார் சொல்லிச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெடல் ஸ்டீல் என்பது படுக்கைவாட்டில் நிற்கும் கிதார்; பெடலாலும் முழங்கால் லீவராலும் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிப்பது. அதற்கு ஆர்டர் கொடுக்கும் முன், எழுதிய தாளை என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகும் வழக்கம் சிலருக்கு உண்டு. ஆட்கள் புதியவர்கள், தவறுகள் பழையவை. ஆரம்பத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பணத்தைத் திட்டமிடுங்கள், வாத்தியம் செய்து தரும் நல்ல பில்டராகப் பாருங்கள், அவரிடம் வாங்கியவர்களை விசாரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

சாதாரண கிதாரில் ஏதாவது ஒன்று பிடிக்கவில்லை என்றால் கை கொஞ்சம் பழகிக்கொள்ளும். பெடல் ஸ்டீலில் அந்தச் சலுகை குறைவு. மேலே தெரியும் தந்திகள் வாத்தியத்தில் பாதிதான். அடியில் கிராஸ் ஷாஃப்ட், பெல் கிராங்க், புல் ராட் என்று, பெடல், லீவர் அசைவைத் தந்திக்குக் கொண்டுபோகும் ஒரு இயந்திரமே இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட ஆளின் பாதத்துக்கும் முழங்காலுக்கும் பொருந்தும்படி அமைக்கப்படுவது. 1948-ல் ஸ்பீடி வெஸ்ட் என்ற ஸ்டீல் கலைஞருக்காக பால் பிக்ஸ்பி என்ற பில்டர் செய்து கொடுத்த காலத்திலிருந்தே இது ஆளுக்கேற்பச் செய்யும் வாத்தியமாகத்தான் இருந்து வருகிறது.

இரண்டு பேரின் செட்டப்பை ஒட்டவைப்பது

எந்த பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு ஏற்றும், எந்த லீவர் எதை இறக்கும் என்ற அட்டவணைக்கு கோபெடன்ட் என்று பெயர். ஆர்டர் தாளின் உயிர் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அலட்சியமாக எழுதுவதும் அதைத்தான்.

பத்துத் தந்திகளுக்கான இ9 என்ற சுருதி அமைப்பில் (டியூனிங்) முதல் மூன்று பெடல்களின் வேலை கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். ஏ பெடல் 5, 10-ஆம் தந்திகளை பி ஸ்வரத்திலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6-ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ ஸ்வரத்துக்கு ஏற்றும். சி பெடல் 4-ஆம் தந்தியை எஃப் ஷார்ப்புக்கும் 5-ஆம் தந்தியை சி ஷார்ப்புக்கும் கொண்டுபோகும். பெடல்களின் வரிசையில்தான் இரண்டு கட்சி. இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று இருந்தால் எம்மன்ஸ் செட்டப்; சி, பி, ஏ என்று இருந்தால் டே செட்டப். பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே என்ற இரண்டு மேதைகளின் பெயரால் வந்த வழக்கு இது. எது உசத்தி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. இரண்டிலும் அற்புதமாக வாசித்தவர்கள் இருக்கிறார்கள்.

வினை முழங்கால் லீவரில் தொடங்குகிறது. 4, 8-ஆம் தந்திகளை இ ஸ்வரத்திலிருந்து எஃப்-க்கு ஏற்றும் லீவரை எஃப் லீவர் என்போம். அதே தந்திகளை இ ஃபிளாட்டுக்கு இறக்கும் லீவர், வழக்கமாக அதே இடது முழங்காலின் மறுபக்கத்தில் இருக்கும். எஃப் லீவரும் ஏ பெடலும் சேரும்போது ஒரு முழு மேஜர் கார்டு கிடைக்கிறது. ஜி மேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் மிதிக்காமல் 3-ஆம் ஃபிரெட்டில் கிடைக்கும். ஏ பெடலும் எஃப் லீவருமாக 6-ஆம் ஃபிரெட்டில் கிடைக்கும். ஏ, பி பெடல்களை மிதித்தால் 10-ஆம் ஃபிரெட்டில் கிடைக்கும். இ9 வாசிப்பில் பெரும்பகுதி இந்த மூன்று இடங்களுக்கு நடுவே போய் வருவதுதான்.

இப்போது பெடல்களை மிதிக்கும் இடது காலைக் கவனியுங்கள். எம்மன்ஸ் செட்டப்பில் ஏ பெடல் இடது ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பெடல்களை மிதித்திருக்கும் பாதத்தை ஏ மீது மட்டும் சாய்த்தால் முழங்கால் தானாகவே இடப்பக்கம் போகும். ஆகவே எஃப் லீவரை முழங்காலின் இடப்பக்கத்தில், எல்.கே.எல். (இடது முழங்கால், இடப்பக்கம்) என்று சொல்லும் இடத்தில் வைப்பார்கள். டே செட்டப்பில் எல்லாம் தலைகீழ். ஏ வலப்பக்கம் இருப்பதால் முழங்காலும் வலப்பக்கம் சாயும். எஃப் லீவர் எல்.கே.ஆர். இடத்துக்கு, அதாவது இடது முழங்காலின் வலப்பக்கத்துக்கு வந்துவிடும். பெடலும் லீவரும் ஒரே உடல் அசைவின் இரண்டு பாதிகள் என்பதால் ஒன்றை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பையன் அதைத்தான் செய்தான். இரவல் கிதாரில் எம்மன்ஸ் பெடல்களில் கற்றவன். தனக்குப் பிடித்த ஒரு கலைஞரின் லீவர் அட்டவணை எங்கோ கிடைத்திருக்கிறது. அவர் டே செட்டப்காரர் என்பதை இவன் கவனிக்கவில்லை. பெடல்களைத் தன் பழக்கப்படியும் லீவர்களை அந்த அட்டவணைப்படியும் எழுதி அனுப்பிவிட்டான். பில்டர் கேள்வி கேட்கவில்லை. தாளில் இருந்ததை அச்சு அசலாகச் செய்து கொடுத்தார்.

வாத்தியம் வந்தபோது கண்ணை எடுக்க முடியாத அழகு. வாசிக்க உட்கார்ந்தான். ஏ மீது பாதத்தைச் சாய்த்து எஃப் லீவரை அழுத்தப் போனால், பாதம் இடப்பக்கம், முழங்கால் வலப்பக்கம். முழங்காலை வலப்பக்கம் தள்ளியதும் பாதமும் கூடவே நகர்ந்து பி பெடலைக் கொஞ்சம் அழுத்திவிடுகிறது. ஜி ஷார்ப் லேசாக ஏறுகிறது, கார்டு புளிக்கிறது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் சரியாகாது. கணுக்காலும் முழங்காலும் அப்படி அமைந்தவை.

ஏற்றமோ இறக்கமோ எல்லாவற்றையும் ராட் இழுத்தே செய்யும் இன்றைய ஆல்-புல் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றலாம். ஆனால் இரண்டு லீவர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தந்தி என்று நான்கு ராட்களை இடம் மாற்ற வேண்டும். தந்திகளை இறுக்கியும் தளர்த்தியும் சுருதி மாற்றும் சேஞ்சரிலிருந்து ஒவ்வொரு கிராஸ் ஷாஃப்டும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் பழைய ராட் நீளம் பொருந்தாது. பக்கத்து ராட்களில் உரசாமல் புது வழி தேட வேண்டும். பிறகு லீவரின் பயண தூரத்தையும் அழுத்தத்தையும் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். அனுபவம் இல்லாத கைக்கு அது வேலையில்லை. வாத்தியத்தைத் திருப்பி அனுப்பினான். போக்குவரத்துச் செலவு, கூலி, அதற்கும் மேல் மாதக்கணக்கில் வாத்தியமே இல்லாமல் இருந்தது. அந்தச் சமயத்தில் அவனுக்கு இருந்த ஆர்வம் திரும்ப வர ரொம்ப நாளாயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை. தாளை அனுப்பும் முன் அந்த இரவல் கிதாரில் உட்கார்ந்து காலை ஒருமுறை அசைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் இதே ஒட்டுவேலையோடு தாள்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஆகவே, நீங்கள் உட்கார்ந்து வாசித்துப் பழகிய ஒரு கிதாரின் கோபெடன்ட்டை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றம் வேண்டுமானால் ஒன்றிரண்டு மட்டும், அதுவும் காரணத்தோடு. "ஸ்டாண்டர்ட் இ9" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். பெடல்களைத் தாண்டினால் ஸ்டாண்டர்ட் என்று ஒன்று கிடையாது. ஒருவர் முதல் தந்தியை ஜி வரை ஏற்றுவார், இன்னொருவர் ஜி ஷார்ப் வரை. 6-ஆம் தந்தியை ஒருவர் அரை ஸ்வரம் இறக்குவார், இன்னொருவர் முழு ஸ்வரம். ஒவ்வொரு கட்டத்திலும் தொடங்கும் ஸ்வரம், முடியும் ஸ்வரம் இரண்டையும் எழுதுங்கள். இடம், வலம் என்பது வாசிப்பவர் உட்கார்ந்த நிலையில். முதல் தந்தி என்பது உங்களுக்கு மிகத் தொலைவில் இருப்பது. இதையும் தாளின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஒரே தந்தியை ஒரு பெடல் ஏற்றி ஒரு லீவர் இறக்கினால் இரண்டும் சேர்ந்து என்ன ஸ்வரம் தரவேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 5-ஆம் தந்தியை ஏ பெடல் சி ஷார்ப்புக்கு ஏற்றுகிறது, ஒரு லீவர் பி ஃபிளாட்டுக்கு இறக்குகிறது என்றால், இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது சி வர வேண்டும். கணக்கில் சரி, இயந்திரத்தில் அது தானாகச் சுருதி சேராது. அதற்குத் தனி ஸ்பிளிட் ஸ்க்ரூ வேண்டும். முன்கூட்டியே கேட்டால் சின்ன வேலை.

உயரம்

ஆளின் உயரத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்த இருக்கையில் உட்கார்ந்து வாசிப்பீர்களோ அதன் உயரம், உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து தொடையின் மேற்பகுதி வரை உள்ள உயரம் இரண்டும் வேண்டும். மேடையில் போடும் செருப்போ ஷூவோ, அதைப் போட்டுக்கொண்டு அளந்துகொள்ளுங்கள். வலது காலை வால்யூம் பெடல் மீது வைத்து அளக்க வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வால்யூம் பெடல் வலது முழங்காலைத் தூக்கிவிடும். வெறும் தரையில் காலை வைத்து எடுத்த அளவில் செய்தால், வலது லீவர்கள் தொடையில் இடிக்கும். கிதாரின் கால்களை நீட்டினால் பெடல் ராட்களையும் சேர்த்து நீட்ட வேண்டும் என்பதால் பின்னால் சரிசெய்வது இரட்டை வேலை.

எதற்கும் இருக்கட்டும் என்று டி10

டி10 என்பது இரண்டு கழுத்து: ஒன்று இ9, மற்றது சி6 என்ற வேறு டியூனிங். எட்டு பெடல், நாலைந்து லீவர். பெட்டியோடு சேர்த்தால் 30 கிலோவைத் தொடுவது சாதாரணம். சி6 கழுத்தைத் துணி போட்டு மூடியே வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய. சி6 உங்கள் காதில் ஏற்கெனவே ஒலிக்கிறது என்றால் டி10 வாங்குங்கள். இல்லையென்றால் ஒற்றைக் கழுத்து எஸ்10 போதும். கையை ஊன்ற அகலமான உடல் வேண்டுமென்றால், இரட்டை உடலில் ஒற்றைக் கழுத்து வைத்த எஸ்டி10 இருக்கிறது.

தந்தி கேஜ் (தடிமன்) சொல்லாமல் விடுவது

6-ஆம் தந்தி பிளெயினா (வெறும் கம்பி), வூண்டா (மேலே கம்பி சுற்றியது) என்று பில்டருக்குத் தெரிய வேண்டும். வூண்ட் தந்தியை அதே அளவு இறக்க லீவர் அதிக தூரம் போக வேண்டும். ஒன்றை மனதில் வைத்துச் செய்த அமைப்பில் மற்றதைப் போட்டால் லீவரின் தன்மையே மாறிவிடும்.

ஸ்கேல் நீளமும், அதாவது தந்தி அதிரும் நீளமும் அப்படித்தான். 24 அல்லது 24.25 அங்குலம் வழக்கமானது. ஒலி கனமாக இருக்கும் என்று 25 கேட்பவர்கள் மூன்றாம் தந்தியை நினைத்துப் பார்ப்பதில்லை. 0.011 அங்குலத் தந்தி ஜி ஷார்ப்பில் நின்று, பி பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏ வரை ஏறுகிறது. நீளம் கூடினால் இன்னும் இறுகும், சேஞ்சர் வளைவில் சீக்கிரம் அறுந்துபோகும். தடித்த தந்தி போட்டால் தப்பிக்கலாம் என்பது தப்பு. அதே நீளத்தில் அதே ஸ்வரத்துக்கு, தந்தியின் குறுக்குப் பரப்பு கூடும் அளவுக்கு இழுவிசையும் கூடிவிடுகிறது. தந்தி அறுந்துபோகும் எல்லைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது மாறாது.

சுருதி சரிவே கூடாது என்று அடம்பிடிப்பது

ஏ, பி பெடல்களை மிதித்தால் உடல் மிக லேசாக வளையும். இழுக்கப்படாத தந்திகள் கொஞ்சம் சரியும். எல்லா ஸ்டீலிலும் உண்டு. எவ்வளவு சரிகிறது என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். பூஜ்யம் கேட்காதீர்கள்.

நிறம்

கடைசியில் முடிவு செய்யுங்கள்.

பிக்கப்

தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புக்கு, பரவலாகக் கிடைக்கும் அளவில் குழி வெட்டச் சொல்லுங்கள். பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

நடுவில் மனசு மாறுவது

ஷாஃப்டுக்குத் துளை போட்ட பிறகு "இன்னொரு லீவர்" என்று கேட்காதீர்கள். அந்த ஆசை வரும் என்று தோன்றினால், இப்போதே அதற்கு இடம் விடச் சொல்லுங்கள். சேஞ்சரில் ஒவ்வொரு தந்திக்கும் மூன்று ஏற்றம், இரண்டு இறக்கத்துக்காவது துளை இருக்கட்டும்.

டெலிவரி எடுக்கும்போது

அடிப்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்துவிட்டுத்தான் முதல் திருகைத் தொடுங்கள். ராட்கள் எந்தத் துளையில் இருந்தன என்று பிறகு நினைவிருக்காது. உதிரி ராட், பெல் கிராங்க், நைலான் டியூனிங் நட் சில, சரியான அளவு ஆலன் கீ ஆகியவற்றை ஆர்டரோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பில்டரும் தனக்கென்று ஒரு அளவு வைத்திருப்பார், மற்றவருடைய உதிரி பொருந்தாது.