வெளியூர்க்காரருக்கு ஒரு விலை: எங்கே மல்லுக்கட்டலாம், எங்கே கூடாது

ஒருவர் நுழைவுச்சீட்டு கவுண்டரில் நின்றுகொண்டு, "இந்த ஊர்க்காரருக்கு மட்டும் ஏன் குறைச்சல்?" என்று பத்து நிமிடம் வாதாடுவார். வெளியே வந்ததும் டாக்சிக்காரர் சொன்ன தொகையை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டுவார். வெளிநாட்டுப் பயணத்தில் நம்மில் பலர் இப்படித்தான். சண்டை போட்ட இடத்தில் ஒரு காசு குறையாது. பேசியிருந்தால் பாதியாகியிருக்கும் இடத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டோம்.

பயணிகளிடம் கூடுதலாக வாங்கும் விலை இரண்டு வகை. ஒன்று, பலகையில் எழுதி வைத்த விலை. இன்னொன்று, ஆளைப் பார்த்துச் சொல்லும் விலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

பலகை விலையை அரசோ நகராட்சியோ முடிவு செய்கிறது. ஜோர்தானின் பெட்ராவில் அந்நாட்டவருக்கு 1 தினார், அந்த நாட்டில் இரவு தங்கும் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார். ஜப்பானில் ஹிமேஜி கோட்டைக்கு 2026 மார்ச் முதல் அந்த நகரவாசிகளுக்கு 1,000 யென், மற்றவர்களுக்கு 2,500. இங்கே கோடு கிழித்திருப்பது நாட்டை வைத்து அல்ல, முகவரியை வைத்து. டோக்கியோவிலிருந்து வரும் ஜப்பானியரும் 2,500தான் கொடுக்க வேண்டும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம்கூட 2026 ஜனவரியில், ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான கட்டணத்தை 22 யூரோவிலிருந்து 32 ஆக்கியது. உள்ளூர்க்காரர் வரி கட்டி அந்த இடத்தைக் காப்பாற்றுகிறார், அவருடைய சம்பளமும் வேறு. அதனால் எழுதி வைத்து வாங்குவதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பது மடங்கு என்பது கண்ணை உறுத்துகிறது, அது வேறு விஷயம்.

பலகை விலையில் பேரம் இல்லை, ஆனால் பிரிவுகள் உண்டு. அதைப் பார்க்காமல் வரிசையில் நிற்பதால்தான் பணம் போகிறது. பெட்ராவையே எடுத்துக்கொள்வோம். ஜோர்தானில் இரவு தங்காமல் எல்லை தாண்டி வந்து பார்த்துவிட்டு அன்றே திரும்புபவருக்கு 90 தினார். அதே நாட்டில் மூன்று இரவாவது தங்குபவர், கிளம்பும் முன்பே இணையத்தில் 70 தினாருக்கு 'ஜோர்தான் பாஸ்' வாங்கிவிட்டால் பெட்ரா நுழைவும் அதிலேயே அடங்கும், 40 தினார் விசா கட்டணமும் தள்ளுபடி. கம்போடியாவின் அங்கோரில் ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. அந்த மூன்று நாளும் அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை என்பது தெரியாமல், ஒரு நாள் சீட்டை இருமுறை வாங்கி 74 டாலர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தாஜ்மகாலில் வெளிநாட்டவர் கட்டணம் 1,100 ரூபாய் என்றால், தெற்காசிய, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்புகளான சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு 540. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் அது கிடைக்கும், அறையிலேயே விட்டுவிட்டு வந்தால் கிடைக்காது. வேலைக்கோ படிப்புக்கோ அந்த நாட்டிலேயே குடியிருப்பவர்கள், குடியிருப்பு அட்டையை நீட்டி ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

சரி, இனி ஆளைப் பார்த்துச் சொல்லும் விலை. நம்மை நிஜமாகவே மொட்டை அடிப்பது இதுதான்.

ஹனோயில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் விலை கேட்டேன். "ஐம்பது" என்றார். வியட்நாமில் பேச்சில் ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள், ஐம்பது என்றால் 50,000 டோங். அது எனக்குத் தெரிந்திருந்தது, அந்தப் பெருமையோடு ஏறி உட்கார்ந்தேன். இறங்கும்போது "தலைக்கு ஐம்பது" என்றார். நாங்கள் இரண்டு பேர். விலை கேட்ட நான், அது யாருக்கான விலை என்று கேட்கவில்லை.

ஏறும் முன் கேட்க வேண்டியது ஒரு கேள்வி அல்ல, நான்கு. தலைக்கா, மொத்தத்துக்கா? போகவா, போய்வரவா? பெட்டிக்குத் தனியா? எந்த நாட்டுப் பணத்தில்? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். எகிப்தின் பணமும் பவுண்டுதான், பிரிட்டனின் பணமும் பவுண்டுதான். ஐம்பது பவுண்டு என்று பேசி முடித்துவிட்டு, இறங்கும்போது "நான் சொன்னது இங்கிலீஷ் பவுண்டு" என்பது அங்கே பழைய தந்திரம். கீசாவில் பிரமிடைச் சுற்றி ஒட்டகம் ஏறுபவர்களுக்கு இன்னொன்று காத்திருக்கிறது: ஏறுவதற்குச் சொல்வது சொற்ப விலை, இறக்கிவிடத் தனி விலை. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு யார் பேரம் பேசுவது? பேசிய தொகையை காகிதத்திலோ போனின் கால்குலேட்டரிலோ போட்டுக் காட்டி, அவர் தலையசைத்த பிறகு ஏறுங்கள். கிராப், போல்ட் போன்ற டாக்சி செயலிகள் ஓடும் ஊர் என்றால், அதில் அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். செயலியில் போகாவிட்டாலும் நடப்பு விலை கைக்கு வந்துவிடும்.

அந்த ஊர் எண்களைப் படிக்கத் தெரியாமல் கிளம்புவதும் ஒரு தவறுதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாய்லாந்தின் தேசியப் பூங்காக்கள் சிலவற்றில் வெளிநாட்டவர் கட்டணம் நமக்குத் தெரிந்த எண்ணிலும், தாய் மக்களுக்கான கட்டணம் தாய் எண்ணிலும் எழுதியிருக்கும். எகிப்திலோ கடைப் பலகையில் அரபு எண்கள். நமக்குப் பூஜ்யம் போலத் தெரியும் வட்டம் அங்கே ஐந்து, நிஜமான பூஜ்யம் வெறும் புள்ளி, ஏழு மாதிரி இருப்பது ஆறு. பத்தே வடிவங்கள், விமானத்தில் உட்கார்ந்தே மனப்பாடம் செய்துவிடலாம். தமிழ் எண்களையே மறந்துபோன நமக்கு இது கொஞ்சம் கூச்சமான யோசனைதான். அப்புறம் நோட்டுகள்: வியட்நாமின் 20,000, 500,000 டோங் இரண்டும் நீலச் சாயல், இரண்டிலும் ஹோ சி மின் முகம். இருட்டிய பிறகு டாக்சியில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போய்விடும். பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள்.

கார்டு தேய்க்கும் இடத்தில் நடப்பது இதைவிட அமைதியானது, யாரும் குரலை உயர்த்துவதில்லை. இயந்திரம் கேட்கும்: உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டுப் பணத்திலா? பழகிய எண்ணைப் பார்த்ததும் கை அதன்மேல் போகும். அதை அழுத்தினால், மாற்று விகிதத்தை உங்கள் வங்கியோ கார்டு நிறுவனமோ அல்ல, அந்தக் கடையின் பக்கம் இருக்கும் சேவை நிறுவனம் முடிவு செய்யும். சில இடங்களில் அந்த வித்தியாசம் 10 சதவீதத்தையும் தாண்டும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மில் 'மாற்று விகிதத்தை மறுக்கிறேன்' என்ற பொத்தானைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், பணமே வராதோ என்று. வரும். விகிதத்தை மட்டும்தான் மறுக்கிறீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: எல்லாவற்றையும் ஏமாற்று என்று நினைத்துக்கொள்வது. இத்தாலியில் பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஓரிரு யூரோ சேர்ந்திருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், மேசையில் உட்கார்ந்ததற்காக உள்ளூர்க்காரரும் அதைக் கட்டுகிறார். நின்றுகொண்டு குடித்தால் காப்பிக்கு ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை என்பதும் அப்படியே. ஆனால் மீன் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று இருந்தால் கவனம். அது 100 கிராமுக்கான விலை, முழு மீனுக்கானது அல்ல. ஆர்டர் செய்யும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சந்தைப் பேரத்தைப் பற்றி ஒன்று மட்டும்: வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு விலை கேட்டால் தப்பில்லை, ஆனால் நீங்களாக ஒரு விலையைச் சொல்லாதீர்கள். சொல்லி, கடைக்காரர் சரி என்ற பிறகு நழுவினால் அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டதா? கார்டு ரசீதில், நீங்கள் தேர்வு செய்யாமலே உங்கள் நாட்டுப் பணத்தில் தொகை விழுந்திருந்தால், அதே இடத்தில் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். மறுத்தால் ரசீதை வைத்துக்கொண்டு வங்கியிடம் முறையிடலாம். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. டாக்சிக்காரரோடு தகராறு முற்றும்போது, அந்த எண்ணைப் போனில் அடித்துத் திரையைக் காட்டினாலே சில சமயம் விலை இறங்கிவிடும்.