சாவி திருப்புனா டக் டக்னு சத்தம் மட்டும் வருதா? பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க

சாவிய திருப்புறீங்க, டேஷ்போர்டுல லைட்டெல்லாம் எரியுது, ஆனா இன்ஜின் சுத்தவே மாட்டேங்குது, முன்னாடி எங்கயோ டக்குனு ஒரு சத்தம், இல்லனா டகடகடகன்னு விடாம ஒரு சத்தம். இந்த நேரத்துல நிறைய பேர் பண்றது என்னன்னா நேரா போய் புது பேட்டரி வாங்கி மாட்டிடுறது. சில சமயம் அதுலயே சரியாகிடும், சில சமயம் புது பேட்டரி போட்டும் அதே டக் சத்தம்தான் வரும், காசு போனதுதான் மிச்சம். ஒரு சாதா மல்டிமீட்டரும், கூட சாவி திருப்ப ஒரு ஆளும் இருந்தா, தப்பு பேட்டரியிலயா, டெர்மினல்லயா (பேட்டரி மேல நிக்கிற ஈய கம்பமும் அத பிடிக்கிற கேபிள் கிளாம்பும்), இன்ஜின மொதல்ல சுத்தி விடற செல்ஃப் மோட்டார்லயான்னு புதுசா பழகுறவங்களே பிரிச்சு பாத்துடலாம்.

மொதல்ல அந்த சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கங்க, மத்ததெல்லாம் தானா புரியும். செல்ஃப் மோட்டார் மேல சொலினாய்டுன்னு ஒரு காந்த சுவிட்ச் இருக்கு. சாவிய திருப்புனதும் அதுக்கு கரண்ட் போகும், அது உள்ள ஒரு இரும்பு தண்ட இழுக்கும். அந்த இழுப்புல ரெண்டு வேலை நடக்குது, ஒன்னு செல்ஃபோட சின்ன பல்சக்கரம் வெளிய வந்து இன்ஜினோட ஃபிளைவீல்ங்கற பெரிய சக்கரத்துல மாட்டும், இன்னொன்னு உள்ள இருக்கிற தடிமனான செம்பு கான்டாக்ட் மூடி பேட்டரியோட முழு கரண்டும் மோட்டாருக்கு போகும். டக் சத்தம் வருதுன்னா பெரும்பாலும் முதல் பாதி வேலை நடந்துடுச்சு, மோட்டார் சுத்தற ரெண்டாவது பாதிதான் நடக்கல. சொலினாய்ட இழுக்க கொஞ்சம் கரண்ட் போதும், ஆனா மோட்டார் சுத்த பெட்ரோல் கார்லயே 100, 150 ஆம்ப் வேணும், டீசல் இன்ஜின்னா அதுக்கும் மேல. ரெண்டு ஹெட்லைட்டும் சேர்ந்தே சுமார் 10 ஆம்ப்தான் எடுக்குது. அதனால "லைட் நல்லா எரியுதே, ஹாரன் அடிக்குதே, அப்புறம் எப்படி பேட்டரி போயிருக்கும்"னு கேக்கறதுல அர்த்தமே இல்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக்க இழுத்துடுங்க, கியர் நியூட்ரல்ல இருக்கணும், ஆட்டோமேட்டிக்னா பார்க்ல. மோதிரம், இரும்பு செயின் வாட்ச் எல்லாத்தையும் கழட்டி வைங்க, பேட்டரி பக்கத்துல பீடி சிகரெட் வேண்டவே வேண்டாம், பேட்டரியிலேருந்து வர ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். வண்டி வெள்ளத்துல நின்னிருந்தாலோ ஆழமான தண்ணில ஓட்டி நின்னு போயிருந்தாலோ இத எதையும் செய்யாதீங்க, சாவியவே திருப்பாதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா செல்ஃப் அடிக்கிற வேகத்துல கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், அப்படியே டோ பண்ணி மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க.

1. சத்தத்த கேளுங்க

டகடகடகன்னு வேகமா அடிச்சுக்கிட்டே இருந்தா பேட்டரியில சார்ஜ் கம்மி, இல்ல டெர்மினல் சரியா பிடிக்கல. சொலினாய்டு இழுக்குது, மோட்டார் கரண்ட் கேக்குது, வோல்ட் பொத்துனு விழுது, சொலினாய்டு விட்டுடுது, விட்டதும் வோல்ட் ஏறுது, மறுபடி இழுக்குது, இது ஒரு செகண்டுக்குள்ள பல தடவ நடக்குது. ஒரே ஒரு கனமான டொக்னு வந்து அமைதியாகிட்டா செல்ஃப் மோட்டார், அதுக்கு போற கேபிள், எர்த் (பேட்டரி மைனஸ்லேருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற இணைப்பு) இந்த பக்கம் சந்தேகப்படணும், ரொம்பவே வீக்கான பேட்டரியும் சில சமயம் இப்படி பண்ணும். சத்தம் மெலிசா, ஃபியூஸ் பாக்ஸ்லேருந்தோ டேஷ்போர்டு அடியிலேருந்தோ வந்தா அது ரிலேங்கற சின்ன சுவிட்சோட சத்தம், சொலினாய்டு இழுக்கவே இல்ல. கூட இருக்கிறவர திருப்ப சொல்லிட்டு நீங்க பானெட்ட தொறந்து கிட்ட நின்னு கேட்டா வித்தியாசம் நல்லாவே தெரியும்.

2. ஹெட்லைட்ட பாருங்க

ஹெட்லைட்ட போட்டுட்டு சாவிய திருப்ப சொல்லுங்க. வெளிச்சம் அப்படியே மங்கி செவந்து போச்சுன்னா பேட்டரியில தெம்பு இல்ல, இல்லனா டெர்மினல் சரியா பிடிக்கல. லைட்டு சுத்தமா அணைஞ்சு, சாவிய விட்டப்புறமும் வராம, டெர்மினல ஒரு ஆட்டு ஆட்டுனா மட்டும் வருதுன்னா அது கண்டிப்பா டெர்மினல் லூஸு. வெளிச்சம் கொஞ்சம்கூட குறையல, டொக் மட்டும் வருதுன்னா மோட்டாருக்கு கரண்டே போகல, அதாவது சொலினாய்டு கான்டாக்ட் தேஞ்சிருக்கு, இல்ல மோட்டார் உள்ள சுத்துற பாகத்துக்கு கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சு முடிஞ்சிருக்கு, இல்ல செல்ஃபுக்கு போற கேபிள்ல தப்பு. ஓரளவு மங்குது ஆனா சுத்தலன்னா மோட்டார் கரண்ட் எடுக்குது ஆனா இறுகி போயிருக்குன்னு அர்த்தம்.

3. டெர்மினல்

இதத்தான் நான் ரொம்ப அழுத்தி சொல்லுவேன், ஏன்னா காசு செலவில்லாம சரியாகிற தப்பு அதிகமா இங்கதான் இருக்கு. கிளாம்ப கையால திருகி பாருங்க, கொஞ்சம் அசைஞ்சாலும் அது லூஸுதான். வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு பூத்திருந்தா அது ஆசிட் அரிப்பு, ஆனா மேல பாக்க பளபளன்னு இருந்தாலும் உள்பக்கம் கருப்பா ஒரு படலம் இருக்கும், அது கண்ணுக்கே தெரியாது, கழட்டுனாதான் தெரியும்.

கழட்டும்போது எப்பவும் மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில. பிளஸ்ஸ முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடில பட்டுச்சுன்னா நேரா ஷார்ட்டு, ஸ்பேனரே உருகற அளவுக்கு பொறி பறக்கும். சமையல் சோடாவ தண்ணில கரைச்சு ஊத்துனா நுரைச்சுக்கிட்டு உப்பெல்லாம் கரையும், பேட்டரி மூடி ஓட்ட வழியா உள்ள மட்டும் போக விடாதீங்க. அப்புறம் நல்லா தொடச்சு, உப்புத்தாள் வச்சு பேட்டரி கம்பத்தையும் கிளாம்ப் உள்பக்கத்தையும் ஈயம் பளிச்சுனு தெரியற வரைக்கும் தேச்சு இறுக்கமா மாட்டுங்க. வாசலின் தடவறதுன்னா மாட்டி முடிச்சப்புறம் மேலாப்புல தடவுங்க. அப்படியே மைனஸ் கேபிள் போய் பாடிலயும் இன்ஜின்லயும் போல்ட் ஆகிற இடத்தையும் பாத்துடுங்க, அங்க துரு பிடிச்சிருந்தாலும் இதே டக் சத்தம்தான்.

4. மீட்டர் வச்சு பாருங்க

மல்டிமீட்டர டிசி 20 வோல்ட்ல வைங்க. வண்டி இப்பதான் ஓடி நின்னிருந்தாலோ சார்ஜ் போட்டு எடுத்திருந்தாலோ ஹெட்லைட்ட ரெண்டு மூணு நிமிஷம் எரிய விட்டு அணைச்சுட்டு அப்புறம் பாருங்க, இல்லனா மேலோட்டமான சார்ஜ் ஏமாத்திடும். 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல் சார்ஜ், 12.4 பரவாயில்ல, 12.2ன்னா பாதிதான் இருக்கு, 12க்கு கீழன்னா காலி.

ஆனா இதோட நிறுத்தாதீங்க, நிறைய பேர் ஏமாறது இங்கதான். சும்மா இருக்கும்போது 12.6 காட்டுற பேட்டரி லோடு வந்ததும் படுத்துடலாம். அதனால மீட்டர் முனைய பேட்டரி கம்பத்துலயே வச்சுக்கிட்டு சாவிய திருப்ப சொல்லுங்க. சாதாரண வெப்பநிலைல 9.6 வோல்ட்டுக்கு கீழ விழக்கூடாது. 6, 7னு விழுந்தா பேட்டரி தாங்கல, நல்லா சார்ஜ் போட்டு இன்னொரு தடவ பாருங்க, அப்பவும் விழுந்தா பேட்டரிய மாத்த வேண்டியதுதான். 12 கிட்ட அப்படியே நிக்குது, சத்தம் மட்டும் வருதுன்னா பேட்டரி மேல தப்பே இல்ல.

அப்படி நின்னா இந்த ஒரு டெஸ்ட கண்டிப்பா பண்ணுங்க. மீட்டரோட ஒரு முனைய பேட்டரியோட ஈய கம்பத்து மேல நடுவுல குத்துங்க, இன்னொரு முனைய அத பிடிச்சிருக்கிற கிளாம்ப் மேல வைங்க, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கிற இடம்தான், அதனால எதுவும் காட்டாதுன்னு நினைப்பீங்க. இப்ப சாவிய திருப்ப சொல்லுங்க. பூஜ்யத்த ஒட்டியே இருந்தா அந்த பக்கம் நல்லா இருக்கு, அரை வோல்ட் ஒரு வோல்ட்னு ஏறுனா உங்க பிரச்சனை அந்த ரெண்டு உலோகத்துக்கு நடுவுலதான் உக்காந்திருக்கு. கணக்கு போட்டு பாத்தா புரியும், அந்த இடத்துல வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் ஹெட்லைட்டோட 10 ஆம்புக்கு 0.2 வோல்ட்தான் போகும், லைட் நல்லாவே எரியும், ஆனா செல்ஃபோட 150 ஆம்புக்கு 3 வோல்ட் அங்கயே போயிடும். இதே மாதிரி பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவுல வச்சு பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல போனா எர்த் சரியில்ல. பேட்டரி பிளஸ்லேருந்து செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட் வரைக்கும் 0.5க்குள்ள இருக்கணும்.

5. ஜம்ப் ஸ்டார்ட்

பேட்டரி காலின்னு தெரிஞ்சா இன்னொரு வண்டிலேருந்து கேபிள் போடலாம். பேட்டரி உப்பி இருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ போடாதீங்க. சிவப்பு கேபிள் காலி பேட்டரியோட பிளஸ்ல, அதோட மறுமுனை நல்ல பேட்டரியோட பிளஸ்ல, கருப்பு நல்ல பேட்டரியோட மைனஸ்ல, கடைசி முனைய உங்க பேட்டரியில மாட்டாம கொஞ்சம் தள்ளி இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல மாட்டுங்க, கடைசி கனெக்ஷன்ல பொறி வரும், அது பேட்டரிக்கு கிட்ட வரக்கூடாது. நல்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு அப்புறம் உங்க சாவிய திருப்புங்க, ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க. ஜம்ப் போட்டும் அதே டொக்குன்னா பெரும்பாலும் தப்பு டெர்மினல்லயோ, கேபிள்லயோ, எர்த்லயோ, செல்ஃப்லயோதான் இருக்கும்.

6. செல்ஃப் மோட்டார்

பேட்டரி, டெர்மினல், எர்த் மூணும் பாஸ் ஆகிடுச்சு, செல்ஃப் போல்ட் வரைக்கும் வோல்ட் போகுது, ஆனா சுத்தலன்னா செல்ஃப்தான். கை எட்டுற இடத்துல இருந்தா, ஒருத்தர் சாவிய பிடிச்சிருக்கும்போது மரக்கட்டையால மோட்டார் உடம்ப லேசா ரெண்டு தட்டு தட்டுங்க, உடனே சுத்துச்சுன்னா கார்பன் பிரஷ் தேஞ்சு ஒட்டாம நிக்குது. இது வீடு போய் சேர மட்டும்தான், நாளைக்கே செல்ஃப கழட்டி பிரஷ், கான்டாக்ட் மாத்திடுங்க. மேனுவல் வண்டின்னா சாவிய எடுத்துட்டு, டாப் கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்க விட்டு, முன்னயும் பின்னயும் ஆட்டி பாருங்க, பல்சக்கரம் சிக்கியிருந்தா விட்டுடும். எவ்வளவு தள்ளியும் கியர்ல வண்டி துளிகூட அசையலன்னா இன்ஜினே இறுகியிருக்கலாம், அதுக்கு மேல நீங்க எதுவும் பண்ண வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் வச்சு சொலினாய்டு போல்ட்ட ஷார்ட் பண்ற வித்தைய யார் சொன்னாலும் புதுசா பழகுறவங்க செய்யாதீங்க, கியர்ல இருந்தா வண்டி உங்க மேலயே ஏறும்.

ஸ்டார்ட் ஆனப்புறம்

வண்டி ஓடிட்டு இருக்கும்போது பேட்டரில மீட்டர் வைங்க, 13.8லேருந்து 14.5 வரைக்கும் இருந்தா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது, புது வண்டிங்க சிலதுல இது கொஞ்சம் ஏறி இறங்கும். 12.5லயே நின்னு கீழ இறங்கிட்டே போனா பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்க. ஓடுற வண்டியில பேட்டரி வயர கழட்டி ஆல்டர்னேட்டர செக் பண்றது பழைய காலத்து பழக்கம், இப்ப அத பண்ணா வோல்ட் எகிறி ஈசியூ, அதாவது இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், போயிடலாம். சார்ஜ் நல்லா ஏறுது, ஆனா ராத்திரி நிறுத்துனா காலைல டவுன்னா எதோ ஒன்னு கரண்ட திருடுது. எல்லாத்தையும் அணைச்சு, கதவ பூட்டி, அரை மணி நேரம் விட்டு, மைனஸ் கேபிள கழட்டி, அதுக்கும் கம்பத்துக்கும் நடுவுல மீட்டர ஆம்ப் மோடுல கோத்து பாருங்க, 50 மில்லி ஆம்புக்குள்ள இருக்கணும். அதிகமா இருந்தா ஃபியூஸ ஒன்னொன்னா உருவிட்டே வாங்க, எத உருவும்போது மீட்டர் இறங்குதோ அந்த லைன்லதான் கசிவு. மீட்டர் கோத்திருக்கும்போது மட்டும் தப்பித்தவறி சாவிய திருப்பிடாதீங்க, மீட்டரோட ஃபியூஸ் போயிடும்.