பிரோஷ்கி வாய் பிளக்காமல் இருக்க

ரஷ்ய வீடுகளில் பிரோஷ்கிக்குள், அதாவது பூரணம் வைத்து மூடிய சின்ன பன்னுக்குள், முட்டைக்கோஸும் அவித்த முட்டையும் வைப்பது வழக்கம். எனக்கு ஓவனில் வைத்ததும் ஓரம் பிரிந்து தட்டெல்லாம் நீர் வழியும். முட்டைக்கோஸ் விடும் தண்ணீர்தான் காரணம். இப்போது பொடியாக நறுக்கி, உப்புப் பிசறி, ஒட்டப் பிழிந்து, வெண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்குகிறேன். நன்றாக ஆறிய பிறகுதான் முட்டையும் சதகுப்பை இலையும் சேர்ப்பேன். சூடாக வைத்தால் மாவு இளகிவிடும். மாவின் ஓரத்தில் எண்ணெயோ மாவுத்தூளோ படக்கூடாது. பட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. அப்புறம், ஒட்டிய பக்கத்தைக் கீழே வைத்து, 20 நிமிடம் உப்பவிட்டு, முட்டை தடவி, 180 டிகிரியில் பொன்னிறமாகச் சுட வேண்டும். எண்ணெயில் பொரிப்பவர்களும் உண்டு. என் வயிற்றுக்கு அது கனம்.