ஃபிலிம் கழுவும் நேரம்: எங்கே சறுக்குகிறது?

கருப்பு வெள்ளை ஃபிலிமைப் புதிதாகக் கழுவத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை நிமிடம்?" என்றுதான். நியாயமான கேள்வி. பதில் கிடைத்த பிறகு அவர்கள் செய்வதைப் பார்த்தால் என் பழைய ரோல்கள் ஞாபகம் வருகின்றன. டேங்க் (ஒளி புகாத கழுவும் டப்பா) மூடியைச் சரியாக மூடாதது, டெவலப்பருக்கு (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) முன்பே ஃபிக்ஸரை (படத்தை நிலைப்படுத்தும் ரசாயனம்) ஊற்றிவிடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒரு ரோல் போனால் தானாகப் பழகிவிடும்.

வெளிறிய நெகட்டிவைப் பார்த்ததும் நேரத்தைக் கூட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தெரிந்த பையன் ஒருவன் இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமை அவர்களுடைய ஐடி-11 டெவலப்பரில், 20 டிகிரியில், அந்த நிறுவனம் சொல்லும் ஏழரை நிமிடம் சரியாகக் கழுவினான். நிழல் பகுதிகள் ஒன்றுமே இல்லாமல் வந்தன. அடுத்த ரோலுக்கு ஒன்பது நிமிடம், அதற்கடுத்ததற்குப் பதினொன்று. நிழல் நிரம்பவே இல்லை. வானமும் வெள்ளைச் சட்டைகளும்தான் நெகட்டிவில் கன்னங்கரேலென்று அடைத்துக்கொண்டன, கிரெய்னும் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான துகள்கள்) தடித்தது. எல்லாம் எதிர்வெளிச்சத்தில் எடுத்த படங்கள். மீட்டர் வானத்தை அளந்திருக்கிறது, ஆட்கள் இருட்டில் போய்விட்டார்கள். அவ்வளவுதான் கோளாறு.

நிழலில் என்ன பதியும் என்பது ஷட்டர் மூடும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடும். வெளிச்சம் படாத இடத்தில் டெவலப்பருக்கு வேலையே இல்லை. கூடுதல் நிமிடங்களை எல்லாம் ஏற்கெனவே வெளிச்சம் வாங்கிய இடங்கள்தான் தின்னும்.

சந்தேகம் வந்தால் ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். அங்குள்ள பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவை நல்ல கருப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் எக்ஸ்போஷர் (படம் எடுக்கும்போது ஃபிலிமில் பட்ட வெளிச்சம்) குறைவு. அவையும் மங்கியிருந்தால் நேரம், வெப்பநிலை, செத்துப்போன டெவலப்பர் என்று தேடலாம். அப்புறம் நெகட்டிவை அச்சடித்த தாளின் மேல் வைத்து, மிக அடர்த்தியான பகுதி வழியாக எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். எக்ஸ்போஷர் சரியாக இருந்தும் படிக்க முடியவில்லை என்றால், அடுத்த ரோலுக்குப் பத்து, பதினைந்து சதவீதம் குறைத்துப் பார்க்கலாம்.

அட்டவணையில் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது

அந்த ஏழரை நிமிடம் நீர் சேர்க்காத கரைசலுக்கு. 1+1, அதாவது ஒரு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு நீர் கலந்தால் 13 நிமிடம். 24 டிகிரியில் ஏழரை என்பது ஐந்தேகால், ஐந்தரைக்கு இறங்கிவிடும். டேங்கைப் புரட்டும் முறையும் கணக்கில் உண்டு: ஒவ்வொரு நிமிடத்தின் முதல் 10 விநாடியில் நான்கு முறை என்பது இல்ஃபோர்டின் கணக்கு. பதற்றத்தில் விடாமல் குலுக்கினால் கான்ட்ராஸ்ட் (கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) ஏறும், பழி டெவலப்பர் மேல் விழும்.

ஸ்கேனைப் பார்த்து நேரத்தை முடிவு செய்வது

ஸ்கேனர் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தானாகச் சரிக்கட்டும். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஒரே ரோலில் நேரம், வெப்பநிலை, கலவை போன்றவற்றில் இரண்டைச் சேர்த்து மாற்றுவது

வேண்டாம்.

ஐந்து நிமிடத்துக்கும் கீழே போவது

திட்டுத் திட்டாக வர வாய்ப்பு அதிகம். டெவலப்பரை இன்னும் நீர்க்கக் கலந்து, அந்தக் கலவைக்கு உரிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.