டைட்டானிக் மாடலுக்குப் பொல்லார்டு: பட்ஸ் குச்சி போதும்

1:200 அளவில் டைட்டானிக் கட்டினால் கப்பல் கிட்டத்தட்ட 1.35 மீட்டர் வரும். புகைபோக்கி நான்கும் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் தளத்தில் நிற்கும் பொல்லார்டுகள், அதாவது கயிறு கட்டும் இரட்டைக் குட்டைத் தூண்கள், பாகங்களாக விற்கும் மாடல் கிட்டில் வந்தவை பெரும்பாலும் மொழுக்கென்றுதான் இருக்கும். அவற்றை நாமே செய்துவிடலாம்.

முதலில், பார்த்துச் செய்யப் புகைப்படம். டைட்டானிக் என்று புழங்கும் படங்களில் பல, அதன் அக்கா கப்பல் ஒலிம்பிக்குடையவை. ஏ தளத்து நடைபாதையின் முன்பாதி ஜன்னல் வைத்து அடைத்திருந்தால் டைட்டானிக்; முழு நீளமும் திறந்திருந்தால் ஒலிம்பிக்.

அடுத்து அளவு. தூணுக்குப் பக்கத்திலேயே ஆள் நிற்கும் படமாகத் தேடுங்கள். ஆள் 170 செ.மீ. என்று வையுங்கள். படத்தில் அவர் 34 மி.மீ., தூண் 12 மி.மீ. என்றால் தூண் 60 செ.மீ. அதை 200-ஆல் வகுத்தால் மாடலில் 3 மி.மீ. வரும். தூணைவிட்டுத் தள்ளி நிற்கும் ஆளை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் தப்பாகும்.

தூணுக்குக் காகித பட்ஸ் குச்சி. நான் முதலில் பிளாஸ்டிக் குச்சியில் செய்தேன். சூப்பர் குளூ அதில் பிடிக்கவே இல்லை, பெயின்ட் அடிக்கும்போது ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பஞ்சை முழுக்கப் பிய்த்துவிட்டுக் குளூவைத் தொடுங்கள். பஞ்சில் பட்டால் சுர்ரென்று சூடேறிப் புகையும், விரல் பொத்துப்போகும். குச்சி தடிமனாகத் தெரிந்தால் பல்குச்சி எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தூணும் ஒரே உயரத்தில் வர ஒரு வழி: 3 மி.மீ. தடிமன் அக்ரிலிக் துண்டில் குச்சி நுழையும் அளவு ஓட்டை போடுங்கள். துண்டை மேசையில் வைத்து, குச்சியை அடிவரை நுழைத்து, மேலே நீட்டுவதைப் புது பிளேடால் சீவுங்கள். பத்து நிமிடத்தில் இருபது தூண் கிடைக்கும். இரண்டு மூன்று அதிகமாகவே வெட்டுங்கள், ஒன்றாவது தரையில் விழுந்து காணாமல் போகும்.

அடித்தட்டுக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு. தலைக்கு, தூணைவிடச் சற்று அகலமாக, தோலில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் விசிட்டிங் கார்டில் குத்திய வட்டம். ஒட்டுங்கள், காயவிடுங்கள், சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடியுங்கள். குளூ வழிந்த இடமெல்லாம் அப்போதுதான் தெரியும். ஊசிமுனையால் சுரண்டிவிட்டு அப்புறம் நிறம் பூசுங்கள்.