ஊரின் நடுப்பகுதியைத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: புதுச்சேரியை முன்வைத்து

நகரின் மையப் பகுதியைச் சீரமைக்க மக்களிடம் கருத்துக் கேட்பது என்றால், முடிவெடுப்பதற்கு முன்பே கேட்பது என்றுதான் பொருள். வரைபடம் முடிந்து, ஒப்பந்தப்புள்ளியும் கோரப்பட்ட பிறகு கூட்டப்படும் கூட்டத்தில், தரை ஓட்டின் நிறத்தைச் சொல்லும் உரிமை மட்டுமே மக்களுக்கு எஞ்சியிருக்கும்.

நாம் பெரிய மார்க்கெட் என்று அழைக்கும் குபேர் அங்காடியை எடுத்துக்கொள்வோம். 2017இல் புதுச்சேரி, ஸ்மார்ட் சிட்டி எனப்படும் பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தேர்வான பின்னர், அங்காடியை இடித்துக் கட்டும் யோசனைக்கு வியாபாரிகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. மொத்தமாகக் காலி செய்தால் கட்டி முடியும் வரை பிழைப்பு என்னாவது, திரும்பி வரும்போது அதே இடம் கிடைக்குமா என்பவை எந்த அங்காடி வியாபாரிக்கும் முதலில் எழும் கேள்விகள். எனவே முழுவதும் இடிப்பதா, பகுதி பகுதியாகக் கட்டுவதா, பழுதுபார்த்தாலே போதுமா, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் ஆகும் என்பதைத்தான் முதல் கூட்டத்தில் மக்கள் முன் வைக்க வேண்டும். ஒரே ஒரு திட்டத்தை மட்டும் கொண்டுபோய் வைத்தால், அவர்களால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியுமே தவிர, எதையும் சேர்ந்து யோசிக்க முடியாது.

அடுத்த தவறு நேரத்திலும் இடத்திலும் நடக்கிறது. வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு அலுவலகக் கூட்ட அரங்கில் கூடினால் ஓய்வுபெற்றவர்களும் சங்க நிர்வாகிகளும் வருவார்கள். அதே வேளையில் மீன் விற்கும் பெண்கள் கடையை விட்டு எழுந்திருக்கவே முடியாது. வியாபாரம் தணியும் பிற்பகலில், மார்க்கெட்டுக்குள்ளேயே, மணிக்கூண்டின் அருகில் கூட்டத்தை நடத்துவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

வரைபடத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அளவுக் குறியீடுகள் நிறைந்த தாளை மீன் விற்கும் அம்மா ஒருவரிடம் நீட்டினால், “நீங்க படிச்சவங்க, பார்த்துச் செய்யுங்க” என்று ஒதுங்கிவிடுவார். அதைச் சம்மதமாக எழுதிக்கொள்வது பெரும் பிழை. சுண்ணாம்புக்கட்டியால் தரையில் மேடையின் அளவைக் கோடு போட்டு, “இதுதான் உங்களுக்கு வரப்போகிற இடம்” என்று காட்டிப் பாருங்கள். அவர் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அன்னக்கூடையை எங்கே வைப்பது என்று கேட்பார். அரிவாள்மனையைப் போட்டால் வாங்க வருபவர் நிற்க இடமில்லை என்பார். மீன் கழுவிய தண்ணீர் பக்கத்து மேடைக்குள் போகும், சரிவை மாற்றுங்கள் என்பார். அவர் சொல்லும் அந்தச் சரிவைக் கட்டும்போதே சரிசெய்ய அதிகச் செலவாகாது. சிமெண்ட் இறுகிய பிறகு உடைத்துத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

குடியிருப்போர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் என்று கொள்வதும் பரவலான தவறு. வாடகைக்கு இருப்பவர்கள், கடைகளில் வேலை செய்பவர்கள், ஞாயிறுதோறும் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடுபவர்கள், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் ஆகிய மீனவர் குப்பங்களிலிருந்து வருபவர்கள் ஆகிய எல்லோருக்கும் இந்த நடுப்பகுதிதான் சோறு போடுகிறது. இதில் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, தெருவோர வியாபாரம் பற்றிய முடிவுகளுக்காக அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர், வியாபாரிகளே தேர்ந்தெடுத்த அவர்களுடைய பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். திட்டக்காரர்கள் இந்தக் குழுவைத் தொடக்கத்திலேயே அழைக்காமல், அகற்றும் நாள் நெருங்கிய பிறகு தேடுவதால்தான் மறியலும் வழக்கும் வந்து பணி நின்றுபோகிறது.

புதுச்சேரிக்கென்று தனியே ஒரு குறை இருக்கிறது. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அதன்பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் மறுபடி நடந்தது. அவ்வாறு தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு, நகராட்சியின் பொறுப்பு அதிகாரிகளிடமே சென்றது. தெருவில் வாய்க்கால் அடைத்தால் போய்ச் சொல்ல வார்டு கவுன்சிலர் இல்லாத ஊரில், ஒரேயொரு கருத்துக்கேட்புக் கூட்டம் அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று எண்ணக் கூடாது. கவுன்சிலர்கள் உள்ள ஊரில் மூன்று கூட்டம் போதுமென்றால், இங்கே வீதி வீதியாக நடத்த வேண்டியிருக்கும். அந்த உழைப்பைத் திட்டச் செலவிலேயே சேர்த்துக்கொள்வதுதான் நேர்மை.

பாரம்பரியத்தைக் காப்பது என்ற பெயரிலும் தவறு நடப்பதுண்டு. நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுக் கட்டடங்களின் அழகையே அளவுகோலாகக் கொண்டு, மேற்கே உள்ள தமிழர் பகுதியைச் சரக்குக் கிடங்குபோல நடத்தக் கூடாது. வைசியாள் வீதியின் பழைய வீடுகள் திண்ணையும் தாழ்வாரமுமாகச் சீரமைக்கப்பட்டு, அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. அவை மக்கள் வாழும் வீடுகள். வீட்டுக்காரர் மனம் வைக்காமல் அங்கே ஒரு தூணைக்கூடத் தொட்டிருக்க முடியாது.

கடைசியாக, கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது. மனுக்களை வாங்கிக் கட்டி வைத்துவிட்டு ஓராண்டு கழித்து அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால், மக்கள் வரமாட்டார்கள். அதை அக்கறையின்மை என்று பழிப்பது நியாயமும் இல்லை. வந்த ஒவ்வொரு கோரிக்கையையும், ஏற்றோமா இல்லையா என்பதையும், ஏற்காவிட்டால் ஏன் என்பதையும் பெரிய எழுத்தில், தமிழில் எழுதி, மார்க்கெட்டின் ஒவ்வொரு வாசலிலும் பலகையாக மாட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, மாட்டிய அன்று ஒருவர் அங்கே நின்று அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். யாராவது மறுத்துச் சொன்னால், அதையும் அந்தப் பலகையின் அடியிலேயே எழுதிக்கொள்ள இடம் விட்டிருக்க வேண்டும்.