பாத்திக்கு மண் எத்தனை கன அடி வேண்டும்? டேப்பும் ஒரு பெயிண்ட் வாளியும் போதும்

முதன்முதலில் வீட்டில் இரண்டு காய்கறிப் பாத்திகள் கட்டியபோது நான் மண்ணை அளந்து வாங்கவில்லை. "ரெண்டு பாத்திதானே, ஒரு டிராக்டர் அடிச்சிடுங்க" என்றார்கள். அடித்தோம். பாத்தி நிரம்பிய பிறகும் பாதிக்கு மேல் வாசலில் குவிந்து கிடந்தது. அந்த வாரமே மழை. நல்ல செம்மண் கரைந்து சாக்கடையில் ஓடியதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. எங்கோ ஒரு நிலத்தில் சுரண்டி எடுத்த மேல்மண் அது. தேவைக்கு மேல் ஒரு வாளிகூட வாங்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

கணக்கு கஷ்டமில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கினால் கன அடி. நம் ஊரில் மண், மணல், ஜல்லி எல்லாம் யூனிட்டில்தான் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. பெருக்குவதற்கு முன் எதை அளக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

படி 1: உள்பக்கத்தை அளந்துகொள்ளுங்கள்

வெளியே 10 அடி நீளம், 4 அடி அகலம் வருகிற செங்கல் பாத்தி, 1 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். (4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம், நடுவில் களை எடுக்கக் கை எட்டாது.) வெளி அளவைப் பெருக்கினால் 40 கன அடி. ஆனால் சுவர் நாலரை அங்குலத் தடிமன். இரண்டு பக்கமும் சேர்த்து 9 அங்குலம் போய்விடும். உள்ளே இருப்பது 9 அடி 3 அங்குலம், 3 அடி 3 அங்குலம். அதாவது 9.25 × 3.25, சுமார் 30 சதுர அடி. சுவரை மறந்தாலே 10 கன அடி மண் அதிகம்!

இன்னொன்று, 9 அடி 3 அங்குலத்தை 9.3 என்று எழுதாதீர்கள். அங்குலத்தை 12 ஆல் வகுத்த பிறகுதான் அது அடி. 3 அங்குலம் 0.25 அடி.

படி 2: மண் நிற்க வேண்டிய உயரம்

விளிம்பு வரை நிரப்பினால் தண்ணீர் விடும்போது மண் வெளியே வழியும். மேலே 2 அங்குலம் விடுங்கள். மண் உயரம் 10 அங்குலம், அதாவது 0.83 அடி. 30 × 0.83 = 25 கன அடி.

படி 3: எவ்வளவு இறங்கும் என்று நீங்களே பாருங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். நான் போடும் கலவை இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு ஊறவைத்த தென்னை நார்க்கழிவு. மூன்றையும் கலந்தால் மொத்த அளவு குறையும். பெரிய துகள்களின் இடைவெளியில் சின்னத் துகள்கள் போய் அடைந்துகொள்ளும். தண்ணீர் பட்டால் இன்னும் இறங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும்.

ஒரு பெயிண்ட் வாளியில் அதே கலவையை மக் கணக்கில் போடுங்கள்: 10 செம்மண், 5 தொழுவுரம், 5 நார்க்கழிவு. மொத்தம் 20 மக். நன்றாகக் கலந்து, தண்ணீர் தெளித்து, வாளியைத் தரையில் நாலு தட்டுத் தட்டி ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் மண் நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். அப்புறம் மண்ணைக் கொட்டிவிட்டு, அந்தக் கோடு வரை அதே மக்கால் தண்ணீர் ஊற்றி எண்ணுங்கள். 16 மக் பிடித்தால், 20 போட்டால் 16 தான் கிடைக்கும் என்று அர்த்தம். அப்படியானால் 25 கன அடிக்கு 25 × 20 ÷ 16, சுமார் 31. நான் 32 என்று வைத்துக்கொள்வேன்.

படி 4: பங்கு பிரியுங்கள்

ஒரு பாத்திக்கு செம்மண் 16, தொழுவுரம் 8, நார்க்கழிவு 8 கன அடி. இரண்டு பாத்திக்கும் சேர்த்துச் செம்மண் 32 கன அடிதான். ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு! இதற்குத்தான் நான் ஒரு முழு டிராக்டர் இறக்கியிருந்தேன்.

உரம், நார்க்கழிவு வாங்கும்போது லிட்டர் கணக்கு வேண்டும். ஒரு கன அடி 28.3 லிட்டர். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும், ஆகவே ஒரு பாத்திக்கு மூன்று கட்டிக்குச் சற்று மேல், இரண்டு பாத்திக்கும் சேர்த்து ஏழு கட்டி வேண்டும். தொழுவுரத்தைக் கிலோவில் விற்றால் ஈரம் இருந்தாலே எடை ஏறிவிடும். 20 லிட்டர் வாளியில் ஒருமுறை அளந்து, நிறுத்துப் பார்த்துவிட்டு மூட்டை எண்ணிக்கை சொல்லுங்கள்.

வண்டி வந்ததும் இறக்குவதற்கு முன் பெட்டியின் உள்நீளம், அகலம், மண் நிற்கும் சராசரி உயரம் மூன்றையும் அளந்துவிடுங்கள். இறக்கிய பிறகு குவியலை அளப்பது பெரிய வேலை. குட்டியானையில் கொண்டுவருவதாக இருந்தால் இரண்டு நடை கேளுங்கள். ஒரு கன அடி செம்மண் 35 கிலோவுக்குக் குறையாது, 32 கன அடி ஒரு டன்னைத் தாண்டும்.

அதே காரணத்தால் மாடியில் இந்தப் பாத்தியைக் கட்டாதீர்கள். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஒரு அடி உயர ஈரமண் அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மாடிக்குப் பைகள்தான், அதுவும் இடைவெளி விட்டு. 12 அங்குல அகலமும் உயரமும் கொண்ட வட்டப் பை சுமார் 22 லிட்டர் பிடிக்கும். 15 அங்குலப் பையோ 43 லிட்டர். மூன்றே அங்குலம்தான் கூடுதல், மண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பை எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலவையில் இரண்டு வாளியை ஒரு சாக்கில் கட்டி நிழலில் வையுங்கள். பதினைந்து நாள் தண்ணீர் விட்ட பிறகு பாத்தியின் ஓரங்களில் பள்ளம் விழும். அங்கே போட அது தேவைப்படும்.